உடும்பு மூடிய குழாய்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் உடும்பு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சின்னவர்கள் "உடும்பண்ணே" என்பார்கள், மேற்பார்வையாளர் "நம்ம உடும்பு" என்பார். பஸ் சக்கரங்களைக் கழற்றி மாட்டி நட்டு பூட்டுவது அவர் வேலை. அவர் பூட்டிய நட்டைக் கழற்ற இன்னொருவர் வந்தால் முதலில் சட்டையைக் கழற்றுவார், அப்புறம் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பார், கடைசியில் அவரையே கூப்பிடுவார்.

டிப்போவோடு போயிருந்தால் எனக்கென்ன, வீட்டிலும் அதே கைதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சர்க்கரை பாட்டிலை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் என் அண்ணன் வந்தான். நான் திருகிப் பார்த்தேன், அவன் திருகிப் பார்த்தான், துண்டைச் சுற்றித் திருகினான், முகம் சிவந்ததுதான் மிச்சம். சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ளை உன்னைத் தவிர எல்லாத்தையும் பூட்டி வச்சிட்டுப் போயிருக்காரு" என்றான். இன்றைக்கும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும்.

டப்பா, குக்கர், தண்ணீர் பாட்டில், குப்பைப் பையின் முடிச்சு, எதையும் அவர் மூடினால் மூடினதுதான். மூடிகளைத் திறப்பதற்கென்றே ஒரு பழைய ரப்பர் கையுறையை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். சமையலறைக் குழாயை அவர் மூடிவிட்டுப் போனால் நானும் மகளும் ஆளுக்கொரு கை போட்டுத்தான் திறப்போம். "கொஞ்சம் மெதுவா மூடுங்க" என்று நான் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. அவர் கையில் ஒரு மாற்றமும் இல்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு யாரோ பூட்டிய சக்கரம் ஒன்று நடுரோட்டில் கழன்று ஓடிவிட்டது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில் இறங்கியது. யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் வண்டியை இழுத்துவரப் போனவர்களில் இவரும் ஒருவர். சீட்டுக்கு அடியில் கிடந்த ஒற்றைக் குழந்தைச் செருப்பை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தாராம். அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான்: நான் பூட்டிய சக்கரம் கழன்றதில்லை. இந்த மனிதருக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும், சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை ஒன்றும் கிடையாது. இந்த ஒரு வாக்கியம் போதும்.

டிப்போவுக்கு அளவு ஸ்பேனர் என்று ஒன்று வாங்கினார்கள். நட்டு எவ்வளவு இறுக வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். சின்னவர்கள் பூட்டிய சக்கரத்தையெல்லாம் அதை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும். இவர் பூட்டியதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஸ்பேனர் வந்த அன்று மேற்பார்வையாளர் இவர் பூட்டிய நட்டில் அதை வைத்துப் பார்த்து, 'டக்' கேட்டதும், "பரவாயில்லையே, நல்ல ஸ்பேனர்தான்" என்றாராம். அதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்த உடும்பு இருக்கிற வீட்டில்தான் குழாய் சொட்ட ஆரம்பித்தது.

எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் சொட், சொட் என்று சத்தம் கேட்டது. எனக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. "இறுக்கி இறுக்கி வாஷரை நசுக்கிட்டீங்க. சொன்னா கேட்டாத்தானே" என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் மேல்தொட்டித் தண்ணீரை அடைத்துவிட்டு, குழாயின் தலையைக் கழற்றி, வாஷரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"நசுங்கவே இல்லையே. நல்லாத்தானே இருக்கு."

"உங்க கண்ணுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மாத்துங்க."

மாற்றினார். அன்று சாயங்காலமே சொட்டியது. அடுத்த வாரம் உள்ளே சுழலும் ஸ்பிண்டில் தண்டை மாற்றினார். சொட்டியது. கடைசியில் முழுக் குழாயையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி மாட்டினார். பளபளவென்று இருந்தது. பளபளவென்றே சொட்டியது. ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வாஷர் டப்பாவைத் திறக்கிற அளவுக்குப் பழகிவிட்டார். "அக்கா, குழாயைக் குத்தம் சொல்லாதீங்க. உங்க வீட்டுத் தண்ணிக்குத்தான் அடங்கி இருக்கத் தெரியல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். "சொட்டினா சொட்டட்டும். ஒருத்தரும் அதுல கை வைக்கக் கூடாது. மேல மேல இறுக்கினா இந்த வாஷரும் செத்துப்போகும்." தொட்டியில் ஒரு கிண்ணத்தை வைத்து, சத்தம் வராமல் இருக்க அதற்குள் துணியும் போட்டேன். என் சட்டத்தை எல்லோரும் அப்படியே மதித்தார்கள். எங்கள் வீட்டில் நான் சொன்னதை எல்லோரும் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதைப் போய் இந்த விஷயத்திலா கேட்டுத் தொலைக்க வேண்டும்!

போகப் போகத்தான் குழப்பம் முற்றியது. அந்தக் குழாய் எப்போதும் சொட்டவில்லை. நான் தனியாக இருக்கும் பகல் முழுக்கச் சாதுவாக இருக்கும். அவர் ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிக் காபி குடித்த பிறகு சொட்டும். வேலைக்குக் கிளம்பும் முன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார், போன பிறகு நான் பாத்திரம் தேய்க்க வரும் வரை சொட்டும். அவருக்கு விடுமுறை நாள் என்றால் நாள் முழுக்கச் சொட்டும். "அப்பா தலையைக் கண்டாலே குழாய் அழுகுதும்மா" என்றாள் மகள். அவள் கல்லூரியில் படிக்கிறாள், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாள். அப்பா வருகிற நேரத்தில்தான் கீழ் வீட்டில் மோட்டார் போடுகிறார்கள், அதனால் குழாயில் அழுத்தம் கூடுகிறது, அதனால் சொட்டுகிறது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. நேரே இறங்கிப்போய்க் கீழ் வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் சண்டை போட்டேன். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க மோட்டார் ரிப்பேராகி ஒரு வாரமாச்சுங்க. நாங்களே குடத்துல தூக்குறோம்" என்றார். மூக்கறுபட்டு மாடி ஏறி வந்தேன்.

அவருக்கு என்னைவிடக் குழப்பம். குழாய் முன்னால் நின்று திறப்பார், மூடுவார், குனிந்து அதன் வாயைப் பார்ப்பார். "முழுசாத்தானே மூடினேன்" என்பார், யாரிடம் என்றில்லாமல்.

இதற்கு நடுவில் வீட்டில் நல்லதும் நடந்தது. சர்க்கரை பாட்டில் சும்மா தொட்டாலே திறந்தது. காபித்தூள் டப்பாவை மகள் ஒற்றைக் கையால் திறந்துவிட்டு, "வாலிபால் விளையாடின கைம்மா, சும்மாவா" என்று மடக்கிக் காட்டினாள். எனக்கோ வேறு நினைப்பு. இத்தனை வருஷமாகக் கத்தியது ஒருவழியாக மனிதர் காதில் ஏறிவிட்டது, பூப்போல மூடக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று உள்ளூரப் பூரித்துப்போனேன். ரப்பர் கையுறை ஆணியில் சும்மா தொங்கியது. ஒருநாள் அவர், "சட்டைக் காஜா எல்லாம் டைட்டா இருக்கு, பட்டன் உள்ளயே போகல" என்றார். புதுச் சட்டை அப்படித்தான் இருக்கும் என்று நானும் கத்தரிக்கோலால் ஒவ்வொரு காஜாவாகப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவை பழைய சட்டைகள். எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை.

அன்றைக்கு அவருக்கு விடுமுறை. மகள் வழக்கம்போல ஆற்றுப்பாலம் வழியாகப் போகும் காலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர், "நேத்து உன் பஸ்ஸுக்குத்தான் முன் சக்கரம் மாத்தினேன். ஜம்முனு போ" என்றார். "உடும்பு பூட்டினதுன்னு டிரைவர்கிட்ட சொல்லி முன் சீட்டு வாங்கிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவர் காபி டம்ளரைக் கழுவிவிட்டுக் குழாயை மூடினார். சொட்டியது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வந்ததோ, கையிலிருந்த கரண்டியை மேடை மேல் போட்டேன்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம். நீங்க எப்படித்தான் மூடுறீங்கன்னு நான் பக்கத்துல நின்னு பாக்குறேன். திறங்க. இப்ப மூடுங்க."

மூடினார். சொட்டியது.

"மெதுவா மூடுறீங்களா, பலமா மூடுறீங்களா?"

"பலமாத்தான். முழு பலத்தோடதான் மூடுறேன்."

"பொய் சொல்லாதீங்க."

"நான் எதுக்குடி பொய் சொல்லப் போறேன்? இங்க பாரு." மறுபடி திறந்து மறுபடி மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. தோள் மேலே ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். நாடகம் போடுகிறவர் முகம் அப்படி இருக்காது. கையை எடுத்தார். ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் யோசித்து, கிண்ணத்தில் விழுந்தது.

நான் போட்ட சட்டத்தை நானே மீறினேன். பேச்சு முற்றிவிட்டது, கை பரபரத்தது, அவ்வளவுதான். குழாய்த் தலையை இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன். அது என் விரலோடு சுலபமாகத் திரும்பியது. கால் சுற்று போயிருக்கும். பிறகுதான் நின்றது. சொட்டு நின்றுபோனது.

இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழாயில் கோளாறு இல்லையென்றால் இத்தனை நாள் எதை ரிப்பேர் செய்தோம்? மாற்றிப் போட்ட வாஷர்கள் எல்லாம் என்ன பாவம் செய்தன?

"இன்னொரு தடவை" என்றார் அவர். திறந்தார், மூடினார். சொட்டியது. நான் இரண்டு விரலால் திருகினேன், நின்றது. மறுபடி அவர். மறுபடி நான். என்ன விளையாட்டு இது என்று கேட்க வாயெடுத்தவள், அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டேன். யாரோ தெரியாதவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உன் விரலைக் கொடு" என்றார். கொடுத்தேன். பிடித்து அழுத்தினார். "வலிக்குதா?"

வலிக்கவில்லை. ஒருகாலத்தில் அவர் கைகுலுக்கியதற்கே என் அண்ணன் கத்தியிருக்கிறான். வலிக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

"நான் அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

சர்க்கரை பாட்டில், மகளின் வாலிபால் பலம், நான் வெட்டிக் கொடுத்த காஜா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு நினைவு வந்தது. பூப்போல மூடக் கற்றுக்கொண்டார் என்று பூரித்தேனே! ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ்" என்றார்.

போனை எடுக்கப் போனவரின் கை அதைச் சரியாகப் பிடிக்காமல் நழுவவிட்டது. நான் எடுத்து, மேற்பார்வையாளரின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், நான்தான். நேத்து நான் பூட்டின வண்டி ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

"என்னண்ணே, லீவு நாள்ல காலங்காத்தால கிண்டலா?"

"கிண்டல் இல்ல சார். என் கை சரியில்ல."

"யாரு, உங்க கையா?" அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பக்கத்தில் இருக்கும் யாரிடமோ, "உடும்புக்குப் பிடி இல்லையாம்யா" என்றார். அங்கேயும் சிரித்தார்கள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ஒற்றை வாக்கியத்தைத் தன் வாயாலேயே உடைக்க வேண்டும், அதையும் சிரிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி உடைக்க வேண்டும். எனக்குப் போனைப் பிடுங்கி அந்த மனிதரைத் திட்ட வேண்டும் போல இருந்தது.

"சிரிக்காதீங்க சார். வீட்டுக் குழாயைக்கூட என்னால மூட முடியல. என் பொண்டாட்டி ரெண்டு விரல்ல மூடுறா. நான் பூட்டினதை நம்பாதீங்க. ஆத்துப்பாலம் வண்டி கிளம்பிடுச்சு, அதுல முன் சக்கரம் நான் மாட்டினது. டிரைவருக்குப் போன் பண்ணி ஓரங்கட்டச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. போன் துண்டிக்கப்பட்டது.

நாங்கள் தெருமுனையில் ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் மகள் கூப்பிட்டாள். "அம்மா, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பஸ்ஸை நிறுத்திட்டாங்க. எல்லாரையும் இறக்கி விட்டுட்டாங்க. ஏன்னு டிரைவருக்கே தெரியலையாம். எனக்கு முதல் வகுப்பு போச்சு. அப்பாகிட்ட சொல்லி யாரையாவது கேக்கச் சொல்லேன்."

"சொல்றேன்மா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல், "இறங்கிட்டாளா?" என்று கேட்டார். இறங்கிவிட்டாள் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக மூச்சு விட்டார்.

டிப்போவில் யாரும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் பூட்டிய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேற்பார்வையாளரே அளவு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். இறுக்கம் சரியாக இருந்தால் நட்டு அசையாமல் உடனே 'டக்' கேட்க வேண்டும். முதல் நட்டு மெல்ல நகர்ந்தது, நகர்ந்துகொண்டே போய், பிறகு 'டக்' என்றது. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு நட்டு நகரும்போதும் இவர் தாடை இறுகியது. மூன்றாவது வண்டிக்குப் போகும்போது மேற்பார்வையாளர், "அண்ணே, நீங்க போய் உக்காருங்க" என்றார். இவர் நகரவில்லை. எல்லாம் முடியும் வரை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் நின்றார்.

பாலத்துக்குப் போன மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. முன் சக்கரத்தில் ஒரு நட்டைக் கையாலேயே திருக முடிந்ததாம். மேற்பார்வையாளர் அதை மெதுவாகத்தான் சொன்னார். இவர் காதில் விழுந்துவிட்டது. ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து சார்?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? எந்தச் சர்க்கரை பாட்டிலிலிருந்து, எந்தச் சட்டையிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் எத்தனை வண்டிகள் போய் வந்தனவோ. "ஒண்ணும் ஆகலையேண்ணே" என்றார் மேற்பார்வையாளர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இவர் அவரைப் புரியாமல் பார்த்தார். நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், கழுத்து நரம்பாக இருக்கும், தன் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று மேற்பார்வையாளர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினார். அன்றைக்கு ஒரு நட்டையும் தொடாத கைதான், இருந்தாலும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு தண்ணீரை ஓடவிட்டபடியே தள்ளி நின்றார். தண்ணீரை வீணாக்கினால் எனக்குப் பொறுக்காது என்று அவருக்குத் தெரியும்.

"மூடு" என்றார்.

மூடினேன். காலையிலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்த பயம் எல்லாம், பஸ், பாலம், மகள், அந்தச் சிரிப்பு எல்லாம் சேர்ந்து என் கையில் இறங்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாமலே அழுத்தித் திருகிவிட்டேன். சொட்டு விழவில்லை. கிண்ணத்தையும் துணியையும் எடுத்து வெளியே வைத்தேன்.

மகள் சாயங்காலம் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பவள் காபித்தூள் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள். அப்போது சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"இங்க வாயேன்."

போனேன். ஒரு கையில் டம்ளரோடு குழாய் முன்னால் நின்றிருந்தார். மறு கை குழாய்த் தலையில் இருந்தது. திறக்கப் பார்த்திருக்கிறார், வரவில்லை. பக்கத்து ஆணியில் தொங்கிய ரப்பர் கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டில் ஏதோ ஒரு சிரிப்பு.

"இத்தனை வருஷமா உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாம்" என்றேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆணியிலிருந்து கையுறையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.